ஒன்பதா, நாற்பத்தைந்தா? கேலிபர் பட்டிமன்றத்தில் மண்ணைக் கவ்வாமல் இருக்க

அமெரிக்காவில் ஏதாவது ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போய், கவுன்ட்டரில் சாய்ந்து நிற்கும் நாலு பேர் காதில் விழும்படி "ஒன்பது எம்எம் எல்லாம் ஒரு தோட்டாவா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கடை சாத்தும்வரை உள்ளே சத்தம் ஓயாது. பிறந்த வீட்டுச் சமையலா, புகுந்த வீட்டுச் சமையலா என்று நம்மூரில் நடக்கிற பட்டிமன்றம் மாதிரிதான் அங்கே கேலிபர் பட்டிமன்றம். ஒரே குறை, இதற்கு நடுவர் கிடையாது. நூறு வருடம் தாண்டியும் தீர்ப்பு வரவில்லை.

அந்தப் பேச்சில் வாய் கொடுக்கவும், கடைசியில் உங்கள் கைக்கு எது சரி என்று நீங்களே முடிவுகட்டவும் தேவையான சங்கதிகள் இங்கே. சுடுதளத்துக்குப் போக வாய்ப்புள்ளவர்கள் பின்னால் வரும் சோதனையை அப்படியே செய்து பார்க்கலாம். மற்றவர்கள் கணக்கை மட்டும் போட்டுப் பழகினாலே பாதிப் பேச்சாளர்களை மடக்கிவிடலாம்.

முதல் வேலை: பெயரை நம்பாதீர்கள்

கேலிபர் என்பது பேச்சுவழக்கில் குண்டின், அதாவது தோட்டாவின் முனையிலிருந்து பாய்ந்து போகும் உலோகத் துண்டின், விட்டம். அங்குலத்தில் சொன்னால் முன்னால் ஒரு புள்ளி இருக்கும்: .45 என்றால் ஒரு அங்குலத்தில் நூற்றுக்கு 45 பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் இரண்டு எண் வரும்: 9×19 என்பதில் 9 குண்டின் விட்டம், 19 தோட்டாக் கூட்டின், அதாவது மருந்தடைத்த குழாயின், நீளம். ஏட்டில் அவ்வளவுதான். தோட்டாவை வெர்னியரில் வைத்து அளந்தால்தான் வேடிக்கை தெரியும்.

.38 ஸ்பெஷலின் குண்டு 0.357 அங்குலம். .38 சூப்பர் 0.356. .380 ஏசிபி 0.355. முப்பத்தெட்டு என்று பெயர் வைத்துக்கொண்ட மூன்றில் ஒன்றுகூட முப்பத்தெட்டு இல்லை. காரணம் பழைய தயாரிப்பு முறை. அந்தக் காலத்தில் குண்டும் கூடும் வெளிப்புறத்தில் ஒரே தடிமனாக இருந்தன, குண்டின் அடிப்பகுதியை மட்டும் சிறுக்கி உள்ளே செருகினார்கள். பிறகு குண்டு முழுவதையும் கூட்டுக்குள் அடங்குகிற அளவுக்கு இளைக்க வைத்தார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. .44 மேக்னமும் இதே கதைதான், அளந்தால் 0.429. இந்தக் கூட்டத்தில் ஒழுங்காகப் பெயர் வைத்தது .357 மேக்னம் ஒன்றுதான்.

"ஒன்பது" என்று பொதுவாகச் சொல்வதும் ஆபத்து. 9×17 என்பது .380 ஏசிபி. 9×18 என்பது சோவியத் மகரோவ், அதன் குண்டு 0.365 அங்குலம், மற்ற ஒன்பதுகளைவிடத் தடிமன். 9×19தான் உலகம் முழுக்க ராணுவமும் போலீஸும் வைத்திருக்கும் லூகர் அல்லது பாராபெல்லம். ஆகவே வாதம் தொடங்குமுன் "எந்த ஒன்பது?" என்று கேளுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதும் பேரலில் பொறித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்று என்பது இந்த விஷயத்தில் செல்லாது.

ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் ஜோடியும் உண்டு. .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷலைச் சுடலாம், விட்டம் ஒன்றே. தலைகீழாக முடியாது. மேக்னத்தின் கூட்டை 0.135 அங்குலம், அதாவது மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, வேண்டுமென்றே நீட்டி வைத்தார்கள், 17,000 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குச் செய்த பழைய ரிவால்வருக்குள் 35,000 பிஎஸ்ஐ தோட்டா நுழைந்துவிடக் கூடாதென்று. .38 நிறையச் சுட்டபின் மேக்னம் போட்டால் தோட்டா முழுதாக உள்ளே இறங்காமல் அடம்பிடிக்கும். குட்டைக் கூட்டின் வாய் நின்ற இடத்தில் கரி வளையமாகப் படிந்திருப்பதே காரணம். தோட்டா உட்காரும் அறைக்குள் தாமிரப் பிரஷ்ஷும் கரைப்பானும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். கட்டைவிரலால் அமுக்கித் திணிக்காதீர்கள்.

இனி சண்டையின் இரு தலைவர்களையும் அளந்து பாருங்கள். 9×19 என்பது 0.355, .45 ஏசிபி 0.452. வித்தியாசம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர், ஒரு துவரம்பருப்பின் தடிமன். நூறு வருடச் சண்டை இந்தப் பருப்புக்காகத்தான்.

இரண்டாவது வேலை: பெட்டி எண்களில் இரண்டு கணக்கு

எந்தத் தோட்டாப் பெட்டியிலும் அல்லது தயாரிப்பாளரின் பட்டியலிலும் இரண்டு எண் கிடைக்கும். ஒன்று குண்டின் எடை, கிரெயினில். 7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு, 124 கிரெயின் என்பது 8 கிராம். மற்றது பேரல் வாயிலில் குண்டின் வேகம், வினாடிக்கு இத்தனை அடி என்று.

ஆற்றல் வேண்டுமானால் எடையை வேகத்தால் இருமுறை பெருக்கி 450,240ஆல் வகுங்கள், விடை அடி-பவுண்டில் வரும். பவர் ஃபேக்டர் வேண்டுமானால் எடையை வேகத்தால் ஒருமுறை மட்டும் பெருக்கி 1,000ஆல் வகுங்கள். முதல் கணக்கு விளம்பரத்துக்கு, இரண்டாவது உங்கள் மணிக்கட்டுக்கு. துப்பாக்கி கையை உதைப்பது பெரும்பாலும் இரண்டாவது எண்ணைப் பொறுத்தது.

வழக்கமான தொழிற்சாலைத் தோட்டாக்களுக்குப் போட்டுப் பார்த்தால் இப்படி வரும்:

.22 எல்ஆர், 40 கிரெயின், 1,000 அடி: ஆற்றல் 89, பவர் ஃபேக்டர் 40
.25 ஏசிபி, 50 கிரெயின், 760 அடி: 64, 38
.32 ஏசிபி, 71 கிரெயின், 905 அடி: 129, 64
.380 ஏசிபி, 95 கிரெயின், 955 அடி: 192, 91
.38 ஸ்பெஷல், 158 கிரெயின், 755 அடி: 200, 119
9×19, 124 கிரெயின், 1,150 அடி: 364, 143
.45 ஏசிபி, 230 கிரெயின், 850 அடி: 369, 196
.40 எஸ் அண்ட் டபிள்யூ, 180 கிரெயின், 1,000 அடி: 400, 180
.357 சிக், 125 கிரெயின், 1,350 அடி: 506, 169
.357 மேக்னம், 158 கிரெயின், 1,235 அடி: 535, 195
10 எம்எம், 180 கிரெயின், 1,250 அடி: 625, 225
.44 மேக்னம், 240 கிரெயின், 1,350 அடி: 971, 324

ஒன்பதையும் நாற்பத்தைந்தையும் மறுபடி பாருங்கள். ஆற்றலில் 5 அடி-பவுண்டுதான் வித்தியாசம். "நாற்பத்தைந்து அடிச்சா ஆளு பறந்து போவான்" என்பவருக்கு இந்த ஒரு வரி போதும். ஆனால் கையில் உணரும் எண் 143க்கு எதிராக 196. அதாவது கிட்டத்தட்ட அதே ஆற்றலுக்கு நாற்பத்தைந்து மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாக உதைக்கிறது. அதற்குக் கைம்மாறாகக் கொடுப்பது பெரிய ஓட்டை, கனமான குண்டு. அது லாபமா நஷ்டமா என்பதுதான் சண்டையின் சாரம்.

பவர் ஃபேக்டரும் முழுக்கதை சொல்லாது. .45 ஏசிபிக்கும் .357 மேக்னத்துக்கும் அது ஏறக்குறைய ஒன்றே. ஆனால் நாற்பத்தைந்தின் அழுத்தம் 21,000 பிஎஸ்ஐ, மேக்னத்தினுடையது 35,000. நாற்பத்தைந்து தோளில் கைவைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். மேக்னம் கன்னத்தில் அறைவதுபோல இருக்கும், தீச்சுவாலையும் காது கிழியும் சத்தமும் சேர்ந்து. துப்பாக்கியின் எடையும் பேசும். எஃகினால் ஆன, 1911 என்றே பெயர் கொண்ட .45 பிஸ்டல் 1,100 கிராம். பாக்கெட் ரிவால்வர்களில் சில 350 கிராம்கூட இல்லை. அப்படிப்பட்ட பொடிசில் மேக்னம் போட்டால் இன்னொரு கூத்தும் நடக்கும்: உதையின் இழுப்பில் இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டுகள் கூட்டிலிருந்து முன்னால் நழுவி, சிலிண்டர் சுழலாமல் மாட்டிக்கொள்ளும். இதுபோக, சில இலகு ரிவால்வர்களின் பேரலிலேயே எந்த எடைக்குக் குறைந்த குண்டு கூடாது என்றும் பொறித்திருக்கிறார்கள்.

பெட்டி எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம். பேரல் குட்டையானால் வேகம் குறையும், உங்கள் 3 அங்குல பிஸ்டலில் பெட்டியில் போட்ட வேகம் வராது. உண்மை வேகம் தெரிய கிரோனோகிராஃப் வேண்டும். பேரல் வாயிலிலிருந்து 10 அடி தள்ளி, குண்டின் பாதைக்கு நேராக வையுங்கள். மிக அருகே வைத்தால் வாயு வெடிப்பையும் எண்ணிவிட்டு அபத்தமான எண் காட்டும். பத்துத் தோட்டா சுட்டுச் சராசரி எடுங்கள், ஒன்றிரண்டை வைத்து முடிவுகட்டாதீர்கள்.

நடைமுறைத் துப்பாக்கிப் போட்டிகளை நடத்தும் அமெரிக்கச் சங்கமான யூஎஸ்பிஎஸ்ஏ இந்தச் சண்டையை மதிப்பெண்ணாகவே மாற்றிவிட்டது. பவர் ஃபேக்டர் 165 எட்டினால் மேஜர், 125 எட்டினால் மைனர். நடுப்பகுதியில் பட்டால் இருவருக்கும் 5 மதிப்பெண். சற்று விலகி சி பகுதியில் பட்டால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. ஓரத்து டி பகுதியில் 2, 1. பெரிய கேலிபருக்குச் சலுகை உண்டு, ஆனால் குறி தவறியவனுக்கு மட்டும்தான். இதைவிட நியாயமான நடுவர் தீர்ப்பு வேறெங்கும் எழுதப்படவில்லை.

வரலாற்றில் இரண்டு தேதி

எதிராளி வரலாறு பேசினால் 1904, 1986 இரண்டும் கைவசம் இருக்கட்டும்.

பிலிப்பைன்ஸில் அமெரிக்க ஆட்சியை எதிர்த்த மோரோ வீரர்களிடம் .38 லாங் கோல்ட் ரிவால்வர் எடுபடவில்லை என்று அமெரிக்க ராணுவத்துக்குப் புகார் வந்தது. 1904இல் ஜான் தாம்ஸன், லூயி லாகார்ட் என்ற இரு அதிகாரிகள் சிகாகோ இறைச்சிக்கூடத்து மாடுகள்மீதும் சடலங்கள்மீதும் பல கேலிபர்களைச் சுட்டுப் பார்த்து, .45க்குக் குறையக் கூடாது என்று எழுதினார்கள். அதிலிருந்து துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங்கின் .45 ஏசிபியும், 1911இல் ராணுவம் ஏற்று அந்த ஆண்டையே பெயராகப் பெற்ற பிஸ்டலும் வந்தன. 1985இல் 9 எம்எம் பெரெட்டா வரும்வரை அதுவே. நாற்பத்தைந்து கட்சியின் கொடிமரம் இது.

1986 ஏப்ரல் 11இல் மயாமியில் எஃப்பிஐ ஆட்களுக்கும் இரு வங்கிக் கொள்ளையர்களுக்கும் நடந்த மோதலில் இரண்டு முகவர்கள் இறந்தார்கள். கொள்ளையன் ஒருவனுடைய உடலில் பாய்ந்த 9 எம்எம் குண்டு இதயத்தை எட்டுமுன் நின்றுபோயிருந்தது. "ஒன்பது போதாது" என்ற தீர்ப்போடு எஃப்பிஐ 10 எம்எம்முக்குப் போனது. அது பலர் கைக்கு அடங்கவில்லை. மருந்தைக் குறைத்தார்கள். குறைத்த மருந்துக்கு அவ்வளவு நீளக் கூடு எதற்கு என்று 25 மில்லிமீட்டர் கூட்டை 22 ஆக வெட்டி, 1990இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் .40ஐ இறக்கினார்கள். எஸ், டபிள்யூ என்ற எழுத்துகளுக்கு "ஷார்ட் அண்ட் வீக்", அதாவது குட்டை, சோப்ளாங்கி, என்று 10 எம்எம் கட்சிக்காரர்கள் விரிவாக்கம் சொல்லிச் சிரிப்பது இதனால்தான். கால் நூற்றாண்டு கழித்து எஃப்பிஐயே மறுபடி ஒன்பதுக்குத் திரும்பிவிட்டது.

இடையில் மாறியது கேலிபர் அல்ல, குண்டு. மூக்கில் குழி வைத்த குண்டு உடலில் விரிந்து 0.355லிருந்து 0.55, 0.6 அங்குலம்வரை போகும். 1899 ஹேக் பிரகடனம் போரில் விரியும் குண்டுகளுக்குத் தடை போட்டதும், அந்த வகைக்கு "டம்டம்" என்ற பெயரே கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதச்சாலையால் வந்ததும் பலருக்குத் தெரியும். செப்புப் போர்வை போர்த்திய விரியாத குண்டைத்தான் சுட வேண்டும் என்றால் நாற்பத்தைந்து கட்சியின் வாதத்தில் சத்து உண்டு, பெரியது பெரியதே. விரியும் குண்டு அனுமதி என்றால் அந்தத் துவரம்பருப்பு வித்தியாசத்தின் பெரும்பகுதி கரைந்துபோகும்.

எஃப்பிஐ சோதனை முறையும் அந்த மோதலுக்குப் பிறகு உருவானதுதான். 10 சதவீத ஜெலட்டின் கட்டியில், நேராகவும், தடித்த துணி, பிளைவுட், தகடு, கார் கண்ணாடி போன்றவற்றைத் தாண்டியும் சுட வேண்டும், குண்டு 12 முதல் 18 அங்குலம் பாய வேண்டும். 12க்குக் குறைந்தால் தோல்வி, 18 தாண்டினால் பின்னால் நிற்பவருக்கு ஆபத்து. வீட்டில் ஜெல்லி கிண்டி யூடியூபில் போடுபவர்களின் காணொளியைக் காட்டி யாராவது வாதிட்டால், கட்டியை அளவு பார்த்தார்களா என்று கேளுங்கள். .177 அங்குல எஃகு ரவை 590 அடி வேகத்தில் சுமார் 8.5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அதைச் சரிபார்க்காத ஜெலட்டின் வெறும் பலகாரம்.

மூன்றாவது வேலை: ஒரு பெட்டியில் தீர்ப்பு

சோதனை நேர்மையாக வேண்டுமானால் துப்பாக்கி மாறக் கூடாது, கேலிபர் மட்டுமே மாற வேண்டும். 1911இல் நாற்பத்தைந்தையும் பாக்கெட் பிஸ்டலில் ஒன்பதையும் சுட்டுவிட்டு நாற்பத்தைந்து மென்மை என்பவர்கள் துப்பாக்கியின் எடையைத்தான் ஒப்பிடுகிறார்கள். ஒரே சட்டகத்தில் பல கேலிபர் வேண்டுமென்றால் கிளாக் கம்பெனியின் பிஸ்டல் குடும்பம் வசதி. 17, 22, 31 என்ற மாடல்கள் மூன்றும் ஒரே உடம்பு, முறையே 9 எம்எம், .40, .357 சிக். நாற்பத்தைந்துக்கான கிளாக் 21 சற்றுப் பருமன், அதைக் குறித்துக்கொண்டு சேர்க்கலாம். கிளாக் 17, 22, 21 ஆகியவற்றின் மேகசின் முறையே 17, 15, 13 தோட்டா கொள்ளும். கலிஃபோர்னியா போல மேகசினுக்குப் பத்தே தோட்டா என்று சட்டம் போட்ட மாநிலங்களில் ஒன்பதின் இந்த லாபம் காணாமல் போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள்.

அமெரிக்காவில் பல சுடுதளங்கள் இவற்றை மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும். காதுக்கு அடைப்பானும் அதன்மேல் மூடியும், கண்ணுக்குக் கண்ணாடி, ஒலி எழுப்பித் தொடங்கிவைத்து, வெடிச் சத்தத்தைக் கேட்டு நேரம் குறிக்கும் ஒரு ஷாட் டைமர், ஒவ்வொரு கேலிபரிலும் 50 தோட்டா உள்ள ஒரு பெட்டி, அதே கேலிபரில் மூன்று போலித் தோட்டா, கூட ஒரு நண்பர். மேசையில் எப்போதும் ஒரே கேலிபர்தான் இருக்க வேண்டும். அடுத்ததைத் திறக்குமுன் முந்தையதின் பெட்டி, மேகசின், உதிர்ந்த தோட்டா எல்லாம் பைக்குள் போகட்டும்.

இந்த விதி சம்பிரதாயத்துக்கு அல்ல. .40 பிஸ்டலில் 9 எம்எம் தோட்டா நுழைந்துவிடும், சில நேரம் வெடித்தும்விடும். அறை அகலமாதலால் கூடு வயிறு உப்பி அல்லது பிளந்து வெளியே வரும், குண்டு பேரலின் உட்பக்கச் சுழல்வரிகளைப் பிடிக்காமல் ஆடிக்கொண்டே போகும். சண்டைபோட்டுக்கொண்டே தோட்டா நிரப்புகிற மேசையில்தான் இந்தக் கலப்படம் நடக்கும்.

இனி சுடலாம். முதலில் 10 கஜத்தில் நிதானமாக ஐந்து. துளைகள் எங்கே கூடுகின்றன என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து 7 கஜத்தில், 8 அங்குலக் காகிதத் தட்டின்மேல், டைமர் ஒலித்ததும் ஆறு. இதை ஐந்து முறை செய்யுங்கள், மொத்தம் முப்பது தோட்டா. ஆறும் தட்டுக்குள் விழாத சுற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். எடுத்த நேரங்களை வரிசைப்படுத்தி நடுவில் வருவதைக் குறியுங்கள். சராசரி வேண்டாம், அதிர்ஷ்டச் சுற்று ஒன்று சராசரியைக் கெடுத்துவிடும்.

பிறகு 5 கஜத்தில் ஒற்றைக் கையால் ஐந்து. பெரிய கேலிபர் பேச்சாளர்கள் அநேகமாக மௌனமாகும் இடம் இது.

கடைசியாக நண்பரிடம் ஏழு தோட்டாவும் மூன்று போலியும் கொடுத்து, நீங்கள் பார்க்காமல் கலந்து நிரப்பச் சொல்லுங்கள். போலி வரும்போது வெடிக்காது, ஆனால் துப்பாக்கியின் முனை சட்டென்று கீழே குனியும். வெடிக்கப்போகிறது என்று கை முன்கூட்டியே பதறுவதுதான் அது. வலக்கைக்காரருக்குத் துளைகள் இடது கீழ்ப்பக்கம் போய்ச் சேர்வதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ஒவ்வொரு கேலிபரிலும் எத்தனை போலிக்குக் கை பதறியது என்று எழுதுங்கள். வாய் சொல்லாததை இந்த எண் சொல்லிவிடும்.

மொத்தம் 47, பெட்டியில் மூன்று மிஞ்சும். கேலிபர் வரிசையைச் சிறியதிலிருந்து பெரியதாக வைக்காதீர்கள். கடைசியில் வருவதற்குக் களைத்த கைதான் கிடைக்கும். முதல் நாள் ஒன்பதில் தொடங்கினால் அடுத்த நாள் நாற்பத்தைந்தில் தொடங்குங்கள்.

முடிவைப் படிப்பது எளிது. ஆறு தோட்டா நேரத்தில் இரண்டு கேலிபருக்கும் பத்தில் ஒரு பங்குக்குள் வித்தியாசம், கைப் பதறலும் சமம் என்றால் பெரியதை எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. நாலில் ஒரு பங்கு தாண்டினால் அந்தக் கேலிபர் உங்கள் வாய்க்குத்தான் பிடித்திருக்கிறது, கைக்கு அல்ல.

சுடும்போது எது கெடும்

கூடு முழுதாக வெளியேறாமல், பிஸ்டலின் மேலே முன்பின் ஓடும் பாகமான ஸ்லைடில் புகைபோக்கிபோல நிமிர்ந்து நிற்கிறதா? மணிக்கட்டு தளர்ந்திருக்கிறது. ஸ்லைடு பின்னால் ஓட, சட்டகம் அசையாமல் நிற்க வேண்டும். சட்டகமும் சேர்ந்து பின்னால் வந்தால் ஓட்டம் போதாது. இலகுவான பாலிமர் பிஸ்டல்களில் இது அதிகம். பிடியை இறுக்குங்கள், கேலிபரைத் திட்டாதீர்கள்.

.22இல் விசை இழுத்தும் வெடிக்கவில்லையா? முனையைச் சுடுதளப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு. பிறகு வெளியே எடுத்துப் பார்த்தால் விளிம்பில் ஊசி குத்திய தடம் இருக்கும். .22இல் தீமூட்டும் கலவை தோட்டாவின் விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பப்படுகிறது, சில இடத்தில் மெலிந்துவிடும். என்.சி.சி. முகாமில் பாயிண்ட் டூ டூ சுட்டவர்களுக்கு இது பழக்கப்பட்ட எரிச்சல்தான். கேலிபர் ரசனையில் .22ஐச் சேர்க்காதவர்களை நம்பாதீர்கள். உதை இல்லாததால் உங்கள் தவற்றை மறைக்க அதனிடம் எதுவும் கிடையாது.

வழக்கமான சத்தத்துக்குப் பதில் "புஸ்" என்று அடங்கிய ஒலி வந்தால் உடனே நிறுத்துங்கள். மருந்து குறைந்து குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும் அல்லது வெடிக்கும். தோட்டாவை இறக்கி, பேரலைக் கழற்றி, வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தபிறகுதான் மறுபடி.

பிடித்தது, பிடிக்காதது

.25 ஏசிபிக்கு எதிராக நாலு வார்த்தை சொன்னால் எந்தக் கட்சியும் கைதட்டும். பட்டியலைப் பாருங்கள், விலை குறைந்த .22ஐவிட ஆற்றல் குறைவு. 1905இல் பிரவுனிங் அதைச் செய்ததற்கு ஒரே நியாயம், நடுவில் தீமூட்டும் பிரைமர் இருப்பதால் சட்டைப்பை பிஸ்டலில் .22ஐவிட நம்பகமாக வெடிக்கும் என்பது. .22 தோட்டாக்களின் தரம் உயர உயர அந்த நியாயமும் தேய்ந்துவிட்டது.

அதைவிடப் பரிதாபம் .45 காப். கிளாக் 2003 வாக்கில் கொண்டுவந்தது. நாற்பத்தைந்தின் கூட்டைக் குட்டையாக்கி, சின்ன கைப்பிடியில் அடக்கி, வேகத்தை ஏறக்குறைய அப்படியே வைத்தார்கள். பொறியியலில் குற்றமில்லை. சில மாநிலப் போலீஸ் துறைகள் வாங்கவும் செய்தன. ஆனால் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில். வாங்கிய துறைகளே விலகிவிட்டன, தோட்டா தேடி அலைவதுதான் மிச்சம்.

.40ஐ இன்று திட்டுவது மோஸ்தர். ஒன்பதின் சட்டகத்தில் 180 பவர் ஃபேக்டரைத் திணித்ததால் ஸ்லைடு வெடுக்கென்று ஓடும், முனை துள்ளும். ஆனாலும் போலீஸ் துறைகள் ஒன்பதுக்கு மாறியபோது கழித்துவிட்ட .40 பிஸ்டல்கள் சல்லிசாகச் சந்தைக்கு வந்தன, போட்டியில் மேஜர் எட்டவும் அது சுலப வழி. எதிர்ப்பதானால் காரணத்தோடு எதிர்க்க வேண்டும்.

10 எம்எம் காட்டில் கரடி உலவும் அலாஸ்கா, மொன்டானா பக்கம் அர்த்தமுள்ளது. வால்மார்ட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிறவர் இடுப்பில் அது அலங்காரம். .38 ஸ்பெஷலைப் பழசு என்று ஒதுக்குபவர்களுக்கு, தட்டையான மூக்குள்ள 148 கிரெயின் வாட்கட்டரை நாலு அங்குல ரிவால்வரில் ஒரு முறை சுடக் கொடுங்கள். காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல வட்டமாகத் துளை விழும், கை அசையவே அசையாது. ஒரே ஒரு கைத்துப்பாக்கி என்றால் ஒன்பதுதான், மலிவும் கொள்ளளவும் பேசவே விடாது. ஆனால் சுட்டு மகிழ என்றால் முப்பத்தெட்டுக்கு ஈடில்லை.

இந்தியாவில் இந்தப் பட்டிமன்றத்துக்கு இடமே வைக்கவில்லை. 9 எம்எம் தடைசெய்த ரகம், பெரும்பாலும் படைகளுக்கும் போலீஸுக்கும்தான். உரிமம் வாங்கியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வருக்கு வேண்டியது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், அதே இடத்து .32 பிஸ்டலுக்கு வேண்டியது .32 ஏசிபி. இரண்டையும் "பாயிண்ட் த்ரீ டூ" என்றே சொல்வார்கள். ஒன்றுக்கு மற்றது ஆகாது, கடையில் முழுப்பெயரையும் சொல்லி வாங்க வேண்டும்.

கடைசியாக, நாற்பத்தைந்து கட்சிக்காரர் தோற்கும் கட்டத்தில் ஒரு பழைய நகைச்சுவையை எடுப்பார். "ஏன் நாற்பத்தைந்து வச்சிருக்கேன் தெரியுமா? நாற்பத்தாறு யாரும் செய்யலை, அதான்." சிரித்து முடிக்கட்டும். பிறகு சொல்லுங்கள்: 2005இலேயே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .460 மேக்னம் செய்துவிட்டது. அவர் முகம் தொங்கினால், வெர்னியரை எடுத்து அந்தக் குண்டை அளந்து காட்டிச் சமாதானமும் நீங்களே செய்யலாம். 0.452 அங்குலம். அதுவும் நாற்பத்தைந்துதான்.